ஜேஎஃப்கேயில் அதிகாலை நாலு மணி: ஒரு விமான தூரத் தளத்தை நம்பிய கதை

அந்தத் தளம் சொல்லும் தூரத்துக்கு ஐந்துக்கு ஐந்து மதிப்பெண். நேரத்துக்கு ஒன்று, அந்த ஒன்றும் பக்கம் சட்டென்று திறக்கிறதே என்பதற்காக. அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு போய்விடலாம், மிச்சப் பேர் உட்காருங்கள்.

இரண்டு விமான நிலையங்களின் பெயரைப் போட்டால் நடுவில் எத்தனை கிலோமீட்டர், பறக்க எத்தனை மணி நேரம் என்று சொல்லும் தளங்கள் பத்துப் பதினைந்தாவது இருக்கும். நான் சிக்கியது அதில் ஒன்றிடம். பெயர் வேண்டாம், ஏனென்றால் அதன் பிறகு இன்னும் நான்கைந்தைத் திறந்து பார்த்துவிட்டேன், எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான். ஒன்றைத் திட்டினால் மற்றவை தப்பித்துவிடும்.

மார்ச் மூன்றாவது வாரம் அம்மா சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போனார். எழுபது வயது, தனியாக, நடுவில் எங்கும் இறங்காத விமானம். அக்கா வீடு நியூ ஜெர்சியில். டிக்கெட் எடுத்தது அண்ணன், என்னிடம் இருந்ததெல்லாம் தேதியும், சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து இரவு 11.35க்குக் கிளம்புகிறது என்ற தகவலும்தான். "எத்தனை மணிக்கு வந்து சேரும், அத்தானை எப்போ கிளம்பச் சொல்லட்டும்?" என்று அக்கா பிப்ரவரியிலேயே கேட்க ஆரம்பித்துவிட்டாள். அண்ணனுக்கு ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்கும். தேடல் பெட்டியில் இரண்டு நொடியில் கிடைப்பதை எதற்கு அவரிடம் கேட்டுக்கொண்டு என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் சனி பிடித்தது.

தளம் சொன்னது: தூரம் 15,349 கிலோமீட்டர், விமான நேரம் 17 மணி 33 நிமிடம், இரு நகரங்களுக்கும் நேர வித்தியாசம் 13 மணி. நிமிடம் வரைக்கும் இருக்கிறதே, 33 என்று சொல்கிற ஆளுக்குத் தெரியாமலா இருக்கும்! நான் கூட்டிக் கழித்து, விமானம் நியூயார்க் நேரப்படி அதிகாலை 4.08க்குத் தரை தொடும் என்று அக்காவுக்கு அனுப்பினேன், அந்தத் திரையையும் படம் பிடித்துச் சேர்த்து. அத்தான் நாலு மணிக்கே நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்தில் போய் நின்றார். விமானம் வந்தது 6.15க்கு. அம்மா குடிநுழைவு வரிசையெல்லாம் தாண்டி வெளியே வரும்போது ஏழரை ஆகிவிட்டது. மார்ச் மாதக் குளிரில் மூன்றரை மணி நேரம். அத்தான் நல்ல மனுஷன், ஒன்றும் சொல்லவில்லை, அக்கா அவருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டாள்.

அதற்கப்புறம்தான் இந்தத் தளம் எப்படிக் கணக்குப் போடுகிறது என்று தோண்ட உட்கார்ந்தேன்.

தூரம் சரிதானா என்பதை முதலில் பார்த்தேன். இதைத் தாளில் நீங்களே போட்டுப் பார்க்கலாம், இந்த இரண்டு ஊர்களுக்கு மட்டும் கணக்கு விசித்திரமான அளவுக்குச் சுலபம். சாங்கி தீர்க்கரேகையில் கிழக்கே சுமார் 104 டிகிரி, ஜேஎஃப்கே மேற்கே சுமார் 74 டிகிரி. கூட்டினால் 178, அதாவது கிட்டத்தட்ட 180. பூமி உருண்டையில் ஒன்றுக்கொன்று நேர் பின்பக்கத்தில் இருக்கும் கோடுகள். அப்படியானால் குறுக்கு வழி வட துருவத்தின் மேலாகத்தான் போக முடியும். சாங்கியின் அட்சரேகை 1.35, ஜேஎஃப்கேயுடையது 40.64. 180 டிகிரியிலிருந்து இரண்டையும் கழித்தால் 138. ஒரு டிகிரிக்கு 60 நாட்டிகல் மைல், ஆக 8,280 நாட்டிகல் மைல். ஒரு நாட்டிகல் மைல் 1.852 கிலோமீட்டர், பெருக்கினால் சுமார் 15,335. தளம் சொன்னதற்கும் நம் தாள் கணக்குக்கும் வித்தியாசம் 14 கிலோமீட்டர்தான், பூமி முழு உருண்டையாக இல்லாமல் துருவங்களில் லேசாகத் தட்டையாக இருப்பதைத் தளம் கணக்கில் எடுத்திருக்கிறது, நாம் எடுக்கவில்லை. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வரைபடத்தில் கோட்டையும் ஒழுங்காக, துருவத்தின் பக்கமாகவே போட்டிருந்தார்கள். சுவரில் மாட்டும் தட்டை வரைபடத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும், ஒரு குளோபில் நூலை இரண்டு ஊருக்கும் நடுவே இழுத்துப் பிடித்தால் புரிந்துவிடும்.

ஒரு சின்னத் தொந்தரவு, மைல். அத்தானுக்குக் கிலோமீட்டர் ஓடாது, அதனால் மைலுக்கு மாற்றினேன், 8,288 என்று வந்தது. அவர் தன்னிடம் இருந்த வேறு ஒரு ஆப்பில் 9,537 என்கிறார். இரண்டுமே சரி! தளத்தில் இருந்தது நாட்டிகல் மைல், அவர் பார்த்தது சாலை மைல். பொத்தானில் வெறுமனே மைல் என்று போட்டுவிட்டு எந்த மைல் என்று சொல்லாமல் விட்டால் படிப்பவன் என்ன செய்வான்.

சரி, இப்போது நேரம். ஒரு விளையாட்டு விளையாடினேன். ஜேஎஃப்கேயிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்குப் போட்டுப் பார்த்தால் 5,540 கிலோமீட்டர், 6 மணி 39 நிமிடம். சிங்கப்பூர் பாதைக்கும் இதற்கும் தூர வித்தியாசம் 9,809 கிலோமீட்டர், நேர வித்தியாசம் 10 மணி 54 நிமிடம். வகுத்தால் மணிக்குச் சரியாக 900 கிலோமீட்டர். மிச்சம் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு அரை மணி. அவ்வளவுதான் ரகசியம்! தூரத்தை 900ஆல் வகு, அரை மணியைக் கூட்டு. ஆறாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்குக்கு 17 மணி 33 நிமிடம் என்று கோட்டு சூட்டு மாட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

900 என்ற எண்ணே தப்பு என்று சொல்ல மாட்டேன். இன்றைய பெரிய ஜெட் விமானங்கள் ஒலியின் வேகத்தில் சுமார் 85 சதவீதத்தில் போகின்றன, அந்த உயரத்துக் குளிரில் அது மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர்தான். ஆனால் அது காற்றுக்குள் விமானம் போகும் வேகம், அந்தக் காற்று தானும் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. ஆற்றில் பரிசல் விட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டாம், துடுப்பு ஒன்றுதான், ஒழுக்கோடு போனால் ஒரு நேரம், எதிர்த்துப் போனால் வேறு நேரம். வடகோளத்தில் ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் காற்று குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். இதை 1920களிலேயே பலூன் விட்டு அளந்தவர் வசாபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலை ஆய்வாளர். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று நினைத்து அதை எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் வெளியிட்டார், அதனாலேயே உலகம் அதைப் படிக்கவில்லை. பாவம்.

இந்தக் காற்றுதான் லண்டன் கதையில் வேலையைக் காட்டுகிறது. நியூயார்க்கிலிருந்து லண்டன் வர ஏழு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், திரும்பிப் போக எட்டு மணியை நெருங்கும். 2020 பிப்ரவரியில் சியாரா புயல் சமயத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று அதே ஜேஎஃப்கேயிலிருந்து ஹீத்ரோவுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து இறங்கியது, தரையை வைத்துப் பார்த்தால் மணிக்கு 1,300 கிலோமீட்டருக்கு மேல். அந்த மாதிரி நாளிலும் நம் தளம் போக 6.39, வர 6.39 என்றுதான் சொல்லியிருக்கும். 'இடம் மாற்று' என்று இரண்டு அம்புக்குறி போட்ட பொத்தான் ஒன்று வைத்திருக்கிறார்கள், அதை அமுக்கினால் ஊர்ப் பெயர்கள் மாறும், வேறு எதுவும் மாறாது. எதற்கு அந்தப் பொத்தான் என்று இன்னும் புரியவில்லை.

அடுத்து பாதை. விமானம் வரைபடத்துக் கோட்டின் மேலேயே போகும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அம்மா போன விமானம் துருவத்தின் பக்கமே போகவில்லை. முன்சீட்டுத் திரையில் பார்த்ததை அம்மா வரிசையாகச் சொன்னார், பிலிப்பைன்ஸ், ஜப்பான், அப்புறம் ரொம்ப நேரம் வெறும் நீலம், அலாஸ்கா, கனடா. பசிபிக்கின் மேலாக, அந்த ஜெட் ஸ்ட்ரீமை முதுகில் வாங்கிக்கொண்டு. கிலோமீட்டர் கூடினாலும் காற்று தள்ளுவதால் நேரமும் எரிபொருளும் மிச்சம். விமானக் கம்பெனிகள் ஒவ்வொரு நாளும் அன்றைய காற்றைப் பார்த்துத்தான் பாதை போடுகின்றன, குறைந்த தூரத்தைத் தேடுவதில்லை.

இதைவிட மோசம் வானமே பூட்டிக்கிடக்கும் பாதைகள். ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோ என்று போட்டால் சுமார் 7,800 கிலோமீட்டர், ஒன்பது மணி சொச்சம் என்று வருகிறது. 2022 பிப்ரவரிக்கு முன்னால் அது உண்மை. உக்ரைன் போருக்குப் பிறகு ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டது, ஃபின்லாந்து விமானக் கம்பெனியான ஃபின்ஏர் துருவத்தைச் சுற்றியோ தெற்கே வளைந்தோ போக வேண்டியதாகி, ஒன்பதரை மணிப் பயணம் பதின்மூன்று மணி பக்கம் போய்விட்டது. தளத்துக்கு இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

சென்னைக்காரர்கள் கவனிக்க: சென்னை–நியூயார்க் போட்டால் சுமார் 13,500 கிலோமீட்டர், பதினைந்தரை மணி நேரம் என்று காட்டும். எனக்குத் தெரிந்தவரே ஒருவர் அதைப் பார்த்துவிட்டு அவ்வளவுதானா என்று சந்தோஷப்பட்டார். ஐயா, அந்தப் பாதையில் நேரடி விமானமே கிடையாது. துபாயிலோ தோஹாவிலோ ஃபிராங்க்ஃபர்ட்டிலோ இறங்கி ஏற வேண்டும், இருபது மணிக்குக் குறைந்து வீடு போய்ச் சேர முடியாது. விமானம் இல்லாத பாதைக்கு 'விமான நேரம்' என்று தலைப்பு போடுவதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

நேர வித்தியாச விஷயத்தில் மட்டும் பாதிப் பழி என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். நான் பார்த்தது பிப்ரவரியில். அன்றைக்குச் சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் 13 மணி வித்தியாசம்தான். மார்ச் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைப்பார்கள், அதற்கப்புறம் நவம்பர் முதல் ஞாயிறு வரை 12 மணி. அம்மா போனது அந்த ஞாயிற்றுக்குப் பிறகு. தளம் 'இன்றைய தேதிக்கு' என்று ஒரு வரி போட்டிருக்கலாம், எந்தத் தேதியில் போகிறீர்கள் என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. ஆக, பறக்கும் நேரத்தில் ஒரு மணி ஏழு நிமிடம் போச்சு, கடிகாரத்தில் ஒரு மணி போச்சு, மொத்தம் இரண்டு மணி ஏழு நிமிடம் அத்தான் தலையில்.

அந்த ஒரு மணி ஏழு நிமிடத்தைக்கூட ஓரளவு மன்னிக்கலாம் என்று ஒரு நண்பர் வாதாடினார், விமானத்துறையில் இருப்பவர். டிக்கெட்டில் போடும் நேரம் வெறும் பறக்கும் நேரம் அல்ல, வாயிலில் சக்கரக் கட்டையை எடுப்பதிலிருந்து அந்தப் பக்கம் கட்டையை வைப்பது வரை, அதனால்தான் அதைப் 'பிளாக் டைம்' என்கிறார்கள். ஓடுபாதைக்கு உருண்டு போவது, வரிசையில் நிற்பது, இறங்கிய பின் இடம் காலியாகக் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம், தாமதத்துக்கென்று கொஞ்சம் கூட்டியும் வைப்பார்கள். சரி, நியாயம்தான். ஆனால் ஜேஎஃப்கே போன்ற இடத்துக்கும் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும் சின்ன நிலையத்துக்கும் சேர்த்து அரை மணி என்று ஒரே அளவுகோலை வைப்பது என்ன கணக்கு?

இன்னொரு நாள் வேடிக்கைக்குச் சிட்னி என்று போட்டேன். எனக்கு வந்தது கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இருக்கும் சிட்னி. நம்ம சிட்னிக்குக் குறியீடு எஸ்ஒய்டி, அதற்கு ஒய்க்யூஒய். டிக்கெட்டே மாற்றி எடுத்து ஆஸ்திரேலியாவுக்குப் பதில் அங்கே போய் இறங்கிய பயணிகளின் கதைகள் செய்தியில் வந்திருக்கின்றன, அதனால் தளத்தை மட்டும் சொல்லிப் பயனில்லை. ஊர்ப் பெயரைப் போடாதீர்கள், மூன்றெழுத்துக் குறியீட்டைப் போடுங்கள். நியூயார்க் என்று மட்டும் போட்டால் ஜேஎஃப்கேயா நியூவர்க்கா லாகார்டியாவா என்று அதற்கும் குழப்பம், உங்களுக்கும் குழப்பம்.

கார்பன் அளவும் காட்டுகிறது. அதே தூரத்தை இன்னொரு நிலையான எண்ணால் பெருக்கியிருப்பார்கள் என்று இப்போது தெரிந்துவிட்டதால் நான் அதைப் படிப்பதில்லை. விளம்பரங்கள், கேட்கவே வேண்டாம்.

இவ்வளவு திட்டிய பிறகும் தூரத்துக்கு அந்தத் தளத்தைத்தான் இன்னும் திறக்கிறேன். ஒரு உபயோகமான குறுக்கு வழியும் கண்டுபிடித்தேன், விமானம் உண்மையில் போகும் பாதையை இரண்டு துண்டாக வெட்டிப் போட்டுப் பார்ப்பது. அம்மா திரும்பி வந்தபோது விமானம் பசிபிக் பக்கம் வரவே இல்லை, அட்லாண்டிக்கைத் தாண்டி, ஐரோப்பா, துருக்கி, இந்தியா என்று வந்தது. ஜேஎஃப்கே–இஸ்தான்புல் சுமார் 8,000, இஸ்தான்புல்–சிங்கப்பூர் சுமார் 8,700, கூட்டினால் 16,700. நேர்க்கோட்டைவிட ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் அதிகம், ஆனாலும் நேரம் ஏறக்குறைய அதே பதினெட்டரை மணி, ஏனென்றால் வரும்போதும் கிழக்குப் பார்த்தே பறந்து அதே காற்றை முதுகில் வாங்கியிருக்கிறது. போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு. அதாவது அம்மா உலகத்தை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டார், அவருக்கு அதை விளக்கியபோது "அப்படியா, எனக்கு முட்டிதான் வலிச்சுது" என்றார்.

முட்டி வலிக்காதா பின்னே. இந்தப் பாதையில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விடுவது ஏ350–900யுஎல்ஆர் என்ற தனி வகை, 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும், இருக்கை மொத்தம் 161தான், சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. 2018 அக்டோபரில் நியூவர்க்குக்கு ஆரம்பித்தார்கள், 2020 நவம்பரில் ஜேஎஃப்கேக்கும் வந்தது. உலகத்தின் மிக நீளமான பயணிகள் பாதை என்று இதைச் சொல்லிப் பெருமைப்படலாம், உட்கார்ந்து வருகிற முட்டிக்கு அந்தப் பெருமையெல்லாம் தெரியாது.

நேரம் தெரிய நான் இப்போது செய்வது இதுதான். முதலில் டிக்கெட், அது இல்லாவிட்டால் டிக்கெட் எடுத்த ஆள். அதுவும் கிடைக்காவிட்டால் விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று காட்டும் ஃப்ளைட்ரேடார்24 தளத்துக்குப் போய் விமான எண்ணைப் போட்டால் கடந்த ஏழு நாட்களில் அதே விமானம் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு இறங்கியது என்று காசில்லாமலே பார்க்கலாம். ஏழில் எது மிக நீளமோ அதைத்தான் எடுத்துக்கொள்வேன். சராசரி பார்ப்பதெல்லாம் அத்தானைக் குளிரில் நிறுத்தாதவர்கள் செய்ய வேண்டிய வேலை.

அம்மா திரும்பும் விமானம் வியாழன் இரவு பத்தரைக்கு ஜேஎஃப்கேயில் கிளம்பியது. பதினெட்டரை மணி, பன்னிரண்டு மணி வித்தியாசம், எல்லாம் சேர்த்தால் சனிக்கிழமை விடியற்காலை ஐந்து. வெள்ளி அல்ல, சனி. அண்ணனுக்குப் போன் போட்டு டிக்கெட்டைப் பார்த்து வாசிக்கச் சொன்னேன், அதே சனி, அதே ஐந்து. ஃப்ளைட்ரேடாரிலும் பார்த்தேன். போதாக்குறைக்கு அத்தானிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "தம்பி, நீ மூணு மணிக்கே போய் நின்னுடு, எதுக்கும்."

மூன்றரைக்குப் போனேன்.